மாடி வீட்டு ஆர்ட்ஸ் காலேஜ் பிள்ளைகள்

பன்னிரண்டாம் வகுப்பில் நான் நல்ல மார்க் வாங்கியிருந்தேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பி.ஏ. வரலாறு படிக்கிறேன் என்று நான் சொன்ன இடத்திலெல்லாம் அடுத்த கேள்வி மார்க்கைப் பற்றியதாகவே இருந்தது. அதனால் அதை முதலிலேயே சொல்லி முடித்துவிடுவது என் வழக்கமாகிவிட்டது.

கல்லூரியில் சேர்ந்த புதிதில் வெள்ளகோவிலில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தவர் எனக்குப் பெரியப்பா முறை. ரசம் ஊற்ற வந்தவரைக் கையமர்த்தி நிறுத்திவிட்டு என் அப்பாவிடம் கேட்டார்.

"ஏனப்பா, புள்ளைக்கு மார்க்கு வரலையா? முன்னயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மேனேஜ்மென்ட்டுல ஒரு சீட்டு பேசியிருக்கலாமே."

"மார்க்கெல்லாம் இருக்குதுங்கண்ணா. அவளுக்கு இதுதான் வேணுமாமா."

"வேணுமாமா?" என்று என் பக்கம் திரும்பினார். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "சரி உடு. பொம்பளப் புள்ளதான. கல்யாணம் வரைக்கும் ஏதோ ஒண்ணு."

அப்பா ரசத்துக்குச் சோற்றைக் குழித்துக்கொண்டார். தேங்காய் எண்ணெய் ஆலை நடத்தும் அவருக்கும் மனதுக்குள் அதே கேள்வி இருந்திருக்கும். ஆனாலும் கோயமுத்தூருக்கு என்னோடு பஸ் ஏறி வந்து, கல்லூரி வரிசையில் வெயிலில் நின்று, என்னைச் சேர்த்துவிட்டுப் போனவர் அவர்தான்.

முதல் வருடம் விடுதியில் இருந்தேன். இரண்டாம் வருடத் தொடக்கத்தில் விடுதிக் கட்டடத்தை இடித்துக் கட்டப் போவதாகச் சொல்லி எங்களை வெளியே தங்கிக்கொள்ளச் சொன்னார்கள். என் அறைத்தோழி ஈரோட்டுக்காரி, பி.எஸ்ஸி. சைக்காலஜி. அவளும் நானும் வீடு தேடக் கிளம்பினோம். சொந்தக்காரர் யாரும் கூட இல்லாமல் நாங்கள் செய்த முதல் பெரிய காரியம் அது.

கணபதி பக்கம் ஒரு தெருவில் 'வீடு வாடகைக்கு' என்று அட்டை தொங்கியது. கேட்டைத் திறக்காமலேயே அந்த வீட்டுக்காரர் விசாரித்தார்.

"எந்தக் காலேஜுங்க?"

சொன்னோம்.

"ஆர்ட்ஸ் காலேஜா? இல்லைங்க. இஞ்சினியரிங் புள்ளைகன்னா குடுக்கலாம். ஆர்ட்ஸ்ன்னா பஸ்ஸுல தொங்கறது, ஸ்ட்ரைக்கு, ஊர் சுத்தறது. எதுக்குங்க வம்பு?"

"நாங்க பொம்பளப் புள்ளைகங்க. நாங்க எங்கீங்க பஸ்ஸுல தொங்கறோம்?" என்றாள் ஈரோட்டுக்காரி.

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "தொங்கற பசங்க உங்களப் பாக்க வருவாங்கல்ல?" என்றார்.

தெரு முனை வரை சிரித்துக்கொண்டே வந்தோம். மூன்றாவது வீட்டிலும் அதே பதில் வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது.

அதற்கடுத்த தெருவில் ஒரு மாடி வீடு. கீழே வீட்டுக்காரர்கள் குடியிருந்தார்கள். மேலே ஓர் அறை, ஒரு சமையல் மேடை, வெளியே படிக்கட்டு. தங்களுக்குள் தெலுங்கும் எங்களோடு தமிழும் பேசுகிற குடும்பம். கணவர் அதே பகுதியில் பம்ப்செட் மோட்டார் பட்டறை வைத்திருந்தார். நாற்பதைத் தாண்டிய அந்த வீட்டம்மா எங்களை உட்காரவைத்து மோர் கொடுத்துவிட்டுத்தான் விசாரணையை ஆரம்பித்தார்.

"என்ன படிக்கறீங்க அம்மணி?"

"சைக்காலஜிங்க ஆன்ட்டி," என்றாள் ஈரோட்டுக்காரி.

"அப்படீன்னா நான் இப்ப மனசுல என்ன நெனைக்கறேன்னு தெரிஞ்சுபோடுமா?"

"அதெல்லாம் தெரியாதுங்க ஆன்ட்டி."

"தெரிஞ்சாலும் சொல்லமாட்டீங்க," என்று சேலை முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு என்னிடம் திரும்பினார். "நீ என்ன கண்ணு?"

"ஹிஸ்டரிங்க."

அவர் முகம் மலர்ந்தது. "கலெக்டருக்குப் படிக்கறயா!"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஈரோட்டுக்காரி என் காலை மிதித்தாள். வரலாறு படிப்பவர்களுக்கு உலகம் இரண்டே இடங்களைத்தான் ஒதுக்கி வைத்திருக்கிறது. ஒன்று உருப்படாமல் போவது, இன்னொன்று ஐ.ஏ.எஸ். ஆவது. எனக்கு இரண்டாவது கிடைத்ததால் எங்களுக்கு வீடு கிடைத்தது.

எங்கள் கல்லூரி ஷிஃப்ட் முறையில் நடந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் வகுப்புகள் முடிந்துவிடும். நாங்கள் வெயிலில் வந்து படியேறுவதைப் பார்க்கும்போதெல்லாம் ஆன்ட்டிக்கு நம்ப முடியவில்லை.

"ஏனுங்க, அதுக்குள்ள காலேஜு முடிஞ்சு போச்சா? இதுக்குப் பேரு படிப்புங்களா? என்ற புள்ள பொழுதோட வந்து சேர்றப்ப செத்த கோழியாட்ட வர்றா."

அந்த மகளைக் காலையில் கல்லூரி பஸ் ஏற்றிப்போய்ப் பொழுது சாய்ந்து கொண்டுவந்து விடும். ஊருக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் எலக்ட்ரிக்கல் இரண்டாம் வருடம். ஒரே பிள்ளை. பட்டறை அவளுக்குத்தான் என்பது அவள் பிறந்தபோதே முடிவான விஷயம். ஆன்ட்டியும் காலையில் பட்டறைக்குப் போய்விடுவார். போன் எடுத்து வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்வது அவர் வேலை. மதியம் திரும்பி வருவார்.

மதியத்தில் வீட்டில் இருக்கும் பிள்ளைகளால் உபயோகம் உண்டு என்பதை அவர் சீக்கிரமே கண்டுகொண்டார். கேஸ் சிலிண்டர் வந்தால் வாங்கி வைப்பது, கூரியருக்குக் கையெழுத்துப் போடுவது, சிறுவாணித் தண்ணீர் வருகிற அன்று தொட்டி நிறைந்ததும் வால்வை மூடுவது எல்லாம் எங்கள் பொறுப்பாயின. "மேல ரெண்டு புள்ளைக சும்மாதான் இருக்குதுங்க, அவங்ககிட்டச் சொல்லிப்போட்டு வாங்க" என்று அக்கம்பக்கத்திலும் சொல்லிவைத்தார். அதில் கேலி இருந்தாலும் பாசமும் இருந்தது. கோழிக்குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் மேலே வராமல் இருந்ததில்லை.

மகள் அதிகம் பேசமாட்டாள். மாடியில் துணி காயப்போட வரும்போது எங்கள் கதவருகில் நிற்பாள். உள்ளே நானும் ஈரோட்டுக்காரியும் கத்திக்கொண்டிருப்போம். எங்கள் கல்லூரியில் வாரம் தவறாமல் யாராவது எழுந்து நின்று எதையாவது பற்றிப் பேசவேண்டும். அதற்காக வீட்டில் ஒருவர் பேச, மற்றவர் குறை சொல்லுவோம். அவள் நின்று கேட்பாள். உள்ளே வா என்றால் வந்து கட்டில் விளிம்பில் உட்காருவாள். எங்கள் வயதுதான் என்றாலும் எங்களை அக்கா என்றே கூப்பிடுவாள். "நீங்க நெம்ப நல்லாப் பேசறீங்கக்கா" என்பாள். அதற்குமேல் ஒன்றும் வராது.

ஒரு நாள் மதியம் நாங்கள் திரும்பியபோது அவள் எங்கள் மாடிப்படியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காலையில் பஸ் ஏறியவள் பாதி வழியில் இறங்கி டவுன் பஸ் பிடித்துத் திரும்பி வந்திருக்கிறாள். அம்மா இன்னும் பட்டறையிலிருந்து வரவில்லை. உள்ளே அழைத்துப்போய்த் தண்ணீர் கொடுத்தோம். குடித்து முடித்துவிட்டுத்தான் பேசினாள்.

போன செமஸ்டர் லேப் பரீட்சையில் வைவா இருந்திருக்கிறது. வெளியிலிருந்து வந்த பரீட்சகர் எதிரில் உட்கார்ந்து வாயால் கேள்வி கேட்பார், பதில் சொல்லவேண்டும்.

"பேர் என்னன்னுதான் கேட்டாருக்கா. அதுகூட வரல. நாக்கு ஒட்டிக்கிச்சு. எந்திரிச்சுப் போன்னுட்டாங்க."

அந்தப் பேப்பர் போய்விட்டது. வீட்டில் சொல்லவில்லை. இந்த செமஸ்டரில் அதைத் திரும்ப எழுதவேண்டும். அதற்குள் வகுப்பில் ஆசிரியர் ஒருவர் அவளை எழுப்பிக் கேள்வி கேட்டு, அவள் திகைத்து நிற்க, எல்லோர் முன்னாலும் ஒன்று சொல்லியிருக்கிறார். அது என்ன என்று கேட்டோம். அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சொல்லு, ஒண்ணும் நெனைக்கமாட்டோம்."

"வாய் தொறக்காத புள்ளைக்கு இஞ்சினியரிங் எதுக்கு, பேசாம ஆர்ட்ஸ் காலேஜுக்குப் போயிருக்கலாமேன்னு."

ஈரோட்டுக்காரி தலையில் அடித்துக்கொண்டாள். "அந்த ஆளு ஒரு நாளாவது ஆர்ட்ஸ் காலேஜைப் பாத்திருக்காரா? வாயத் தொறக்காம எங்க காலேஜுல ஒரு பீரியட் தாண்டிப்போட முடியுமா?"

கண்ணில் நீரோடு அந்தப் பெண் சிரித்துவிட்டாள். நாங்களும் சிரித்தோம். ஆனால் மறுநாளும் அவள் கல்லூரிக்குப் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. பஸ்ஸுக்கென்று கிளம்பித் தெருமுனை வரை போவாள். அம்மா பட்டறைக்குக் கிளம்பியதும் திரும்பி வந்து எங்கள் அறையில் உட்கார்ந்துகொள்வாள். சாவியை அவளிடம் நாங்கள்தான் கொடுத்திருந்தோம். பொழுதோடு பஸ் வரும் நேரத்துக்குப் பையை மாட்டிக்கொண்டு கீழே இறங்குவாள்.

"ஆன்ட்டிகிட்டச் சொல்லிப்போடலாம்டி," என்றேன்.

"நம்பிச் சொன்னதை வெளிய சொல்லக்கூடாது. அவளே சொல்லட்டும்," என்றாள் ஈரோட்டுக்காரி. அது அவள் அந்த வாரம்தான் பாடத்தில் படித்திருந்த விஷயம். கூடவே அவளுக்கு வேறொரு முடிவும் இருந்தது. "அவளுக்கு இஞ்சினியரிங் புடிக்கலடி. அப்பாவுக்காகச் சேந்திருக்கா. தெனமும் நம்ம ரூமுக்கு வந்து ஏன் உக்காந்துக்கறா? அவளுக்கு நம்ம படிப்பு வேணும். வெளிய சொல்லத் தெரியல."

எனக்கும் அது சரி என்றே பட்டது. வீட்டில் எத்தனை பிள்ளைகளை அப்படி இஞ்சினியரிங்கில் தள்ளிவிட்டிருக்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியும்.

கல்லூரியிலிருந்து அவள் அப்பாவின் போனுக்கு வந்த குறுஞ்செய்திகளை அவர் திறந்து பார்க்கவே இல்லை. கடைசியில் அவள் கல்லூரி வகுப்பு ஆலோசகர் அவரை நேரடியாகப் போனில் கூப்பிட்டுவிட்டார். அன்று மதியம் நாங்கள் மூவரும் மேலே இருந்தபோது கீழே வண்டி நிற்கும் சத்தம் கேட்டது. அவள் அப்பாவும் ஆன்ட்டியும் படியேறி வந்தார்கள். அப்பாவின் சட்டையில் பட்டறை வார்னிஷ் வாடை அடித்தது. வாசலில் நின்று மகளைப் பார்த்தார். பேசியது ஆன்ட்டிதான்.

"ஊடு குடுத்ததுக்கு என்ற புள்ளையக் கெடுத்துப்போட்டீங்களே! பாதி நாள் படிச்சுப்போட்டு மீதி நாள் கத அடிச்சுட்டு உக்காந்திருக்கீங்க, அதைப் பாத்துப் பாத்து அவளுக்கும் அதே ஆசை வந்துபோச்சு. கலெக்டருக்குப் படிக்கறன்னு சொன்னயே அம்மணி, ஒரு நாளாவது நீ படிச்சு நான் பாத்திருக்கேனா?"

நான் அப்படிச் சொல்லவே இல்லை என்பது இப்போது பேச வேண்டிய விஷயமாகத் தோன்றவில்லை. "மன்னிச்சுக்கங்க ஆன்ட்டி, முன்னாடியே உங்ககிட்டச் சொல்லியிருக்கணும்," என்றேன்.

"மாசம் முடிஞ்சதும் காலி பண்ணிக்குங்க."

அப்போதுதான் ஈரோட்டுக்காரி எழுந்தாள். "காலி பண்றோமுங்க ஆன்ட்டி. ஆனா ஒண்ணு. அவளுக்கு இஞ்சினியரிங் புடிக்கலைங்க. அவளப் போட்டு நெருக்காதீங்க. அவளுக்கு என்ன புடிக்குமோ அதைப் படிக்க உடுங்க."

"எனக்குப் புடிக்கும்."

முதலில் யார் குரல் என்றே எங்களுக்குப் புரியவில்லை. கட்டில் விளிம்பில் இருந்த அந்தப் பெண் எழுந்து நின்றிருந்தாள். முகமெல்லாம் சிவந்து கிடந்தது.

"எனக்கு இஞ்சினியரிங்தான் புடிக்கும். மோட்டார்தான் புடிக்கும். நீங்க ரெண்டு பேரும் பேசறது எனக்குப் பாதி புரியறதே இல்லைக்கா. எப்படிப் பயமில்லாமப் பேசறீங்கன்னு பாக்கத்தான் வந்து உக்காந்தேன். எனக்கு என்ன புடிக்கும்னு எல்லாரும் அவங்கவங்களே சொல்லிப்போடறீங்க. ஒருத்தருமே என்னையக் கேக்கல."

அவ்வளவு வார்த்தைகளை அவள் சேர்ந்தாற்போல் பேசி அவள் அம்மாவே கேட்டதில்லை என்பது ஆன்ட்டியின் முகத்தில் தெரிந்தது. ஈரோட்டுக்காரி மெதுவாக உட்கார்ந்துவிட்டாள். அவள் அப்பா உள்ளே வந்து மகளின் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"வா கண்ணு, ஊட்டுக்குப் போலாம்," என்றார். பத்துப் படி இறங்கினால் வீடு. அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினார்.

அன்று மாலை நாங்கள் புத்தகங்களை அட்டைப்பெட்டியில் அடுக்க ஆரம்பித்தோம். ஈரோட்டுக்காரி சைக்காலஜி புத்தகத்தைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, "என்னையப் பாத்து எல்லாரும் மனசப் படிப்பியான்னு கேட்டா எரிச்சல் வரும். இன்னிக்கு நானே அதைத்தான்டி செஞ்சுட்டேன். அதுவும் தப்பாப் படிச்சிருக்கேன்," என்றாள். நானும்தான் என்றேன். இஞ்சினியரிங் படிக்கும் பெண் ஒருத்தி அழுதால் அவள் அந்தப் படிப்பை வெறுக்கிறாள் என்றுதான் அர்த்தம் என நாங்கள் எடுத்துக்கொண்டிருந்தோம். எங்களைப் பற்றி ஊர் வைத்திருந்த எண்ணங்களைப் போலவே அதுவும் சம்பந்தப்பட்டவரைக் கேட்டுத் தெரிந்துகொண்டது அல்ல.

மறுநாள் மதியம் ஆன்ட்டி மேலே வந்தார். அட்டைப்பெட்டிகளைப் பார்த்தும் பார்க்காததுபோல் கட்டிலில் உட்கார்ந்தார்.

"ஏனுங்க அம்மணி, அத்தனை பேருக்கு முன்னாடி நின்னு பேசறீங்களே, உங்களுக்குப் பயமே இருக்காதுங்களா?"

"இருக்குமுங்க ஆன்ட்டி," என்றேன். "மொதல் தடவை நான் பேசறப்ப மேசையப் புடிச்சுக்கிட்டே பேசினேன். கைய எடுத்தா உழுந்துபோடுவேனோன்னு இருந்துச்சு."

"அப்பறம் அந்தப் பயம் எப்படிப் போச்சு?"

"போகலைங்க. பழகிப்போச்சு."

அவர் தலையாட்டிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "பொழுதோட அவளப் பேசிப் பழகறதுக்குச் சித்த மேல அனுப்பட்டுமா?" என்று கேட்டார். வீட்டைக் காலி செய்வதைப் பற்றி அவரும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பெட்டிகளிலிருந்து புத்தகங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

அவள் மறுபடியும் கல்லூரி பஸ் ஏறினாள். அதன்பிறகு மாலைகளில் எங்கள் அறை பரீட்சை அறையானது. நான் நாற்காலியில் பரீட்சகராக உட்காருவேன். அவள் எதிரே நிற்பாள். ஈரோட்டுக்காரி அவள் பாடப்புத்தகத்திலிருந்து கேள்விகளை எடுத்துக் கொடுப்பாள். முதல் சில நாட்கள் பேர் சொல்வதோடு நிறுத்திக்கொண்டோம். சொல்ல வரவில்லை என்றால் காத்திருப்போம். அவசரப்படுத்துவதில்லை என்று ஈரோட்டுக்காரி ஒரு விதி போட்டிருந்தாள். அது பாடத்தில் இருந்ததா, அவளே யோசித்ததா என்று தெரியாது. ஆனால் வேலை செய்தது.

எனக்கு அவள் பாடம் ஒன்றுமே தெரியாது என்பதும் ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று. "ஸ்லிப் என்றால் என்ன?" என்று கேட்பேன். அவள் புத்தகத்தில் இருப்பதை ஒப்பிப்பாள். புரியவில்லை என்பேன். நிஜமாகவே புரியாது.

"நகராம நிக்கற ஸ்டேட்டர்ல காந்தப் புலம் சுத்துதுல்லக்கா, அதைப் புடிக்கறதுக்கு உள்ள சுத்தற ரோட்டார் பின்னாலயே ஓடும். ஆனா கொஞ்சம் மெதுவாத்தான் ஓடும். அந்த வித்தியாசந்தான் ஸ்லிப். அதைப் புடிச்சுட்டா ரோட்டாரைத் தள்றதுக்கு விசையே இருக்காது."

"அப்படிச் சொல்லு. இப்பப் புரியுது."

ஒரு நாள் ஆன்ட்டியும் வந்து உட்கார்ந்தார். "நான் ஒண்ணு கேக்கட்டுமா?" என்றார். பட்டறைப் போனில் பல வருடமாக அவர் கேட்டுவந்த புகார் அது. "தோட்டத்துல வோல்டேஜ் கம்மியா வந்தா மோட்டாருல சுத்தின கம்பிக் காயில் ஏன் பொகைஞ்சு போகுது? எல்லாத்தையும் மெக்கானிக்குகிட்டக் கேட்டுச் சொல்றேன்னுதான் சொல்லி வெச்சிருக்கேன்."

வோல்டேஜ் குறைந்தாலும் அதே பளுவை இழுக்கவேண்டியிருப்பதால் மோட்டார் அதிகக் கரண்டை எடுத்துக்கொள்கிறது, அதனால் சூடேறிக் காயில் கருகுகிறது என்று மகள் விளக்கினாள். பாதியில் குரல் உடைந்தது. நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பித்து முடித்தாள்.

"அட, இதைப் போனுல நானே சொல்லியிருக்கலாமே," என்றார் ஆன்ட்டி. கீழே போய் எல்லோருக்கும் காபி போட்டுக்கொண்டு வந்தார்.

வைவா நாளில் நாங்கள் கல்லூரிக்குப் போகாமல் இருந்துவிட்டோம். மதியம் அவள் போன் செய்தாள். பேர் சொன்னாளாம். முதல் இரண்டு கேள்விக்கும் பதில் சொன்னாளாம். மூன்றாவதில் நாக்கு ஒட்டிக்கொண்டது. பரீட்சகர் காத்திருந்தார், பிறகு ஒரு தாளை நீட்டி வரைந்து காட்டச் சொன்னார். வரைந்தாள். பிறகு வந்த மார்க் பெரிதாக ஒன்றும் இல்லை, ஆனால் தேறிவிட்டாள். அடுத்த செமஸ்டரிலும் அதே நடுக்கம் வந்தது. அதற்கடுத்ததிலும் வந்தது. ஒவ்வொரு முறையும் மாலையில் மேலே வந்து நிற்பாள், நான் நாற்காலியில் உட்காருவேன்.

படிப்பு முடியும்வரை நாங்கள் அதே வீட்டில்தான் இருந்தோம். கடைசி வருடத்தில் பக்கத்து வீட்டு மாடியைக் கேட்டு இரண்டு பையன்கள் வந்து, அங்கே ஆள் இல்லாததால் எங்கள் கேட்டைத் தட்டினார்கள். எந்தக் கல்லூரி என்று ஆன்ட்டி விசாரித்தார். எங்கள் கல்லூரிதான். "ஆர்ட்ஸ் காலேஜ் பசங்களுக்கெல்லாம் அவங்க குடுக்கமாட்டாங்கப்பா, வேற பக்கம் பாருங்க," என்று அனுப்பிவிட்டார். தண்ணீர் வால்வை மூடிவிட்டு நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

"ஆன்ட்டி, நாங்களும் ஆர்ட்ஸ் காலேஜ்தானுங்க."

"நீங்க வேற கண்ணு. நீங்க நம்ம புள்ளைக."

எனக்குக் கோபப்படத் தோன்றவில்லை. ஓடிப்போய்த் தெருமுனையில் அந்தப் பையன்களைப் பிடித்து, எங்கள் வகுப்புத் தோழன் தங்கியிருந்த வீட்டின் விலாசத்தைச் சொல்லி அனுப்பினேன். அங்கே ஓர் அறை காலியாக இருந்தது.

நான் கலெக்டர் ஆகவில்லை, அதற்கு முயற்சியும் செய்யவில்லை. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் வெளிநாட்டு வாடிக்கையாளர்களோடு கடிதப் போக்குவரத்துப் பார்க்கிறேன். ஹிஸ்டரி படித்துவிட்டுப் பனியன் கம்பெனியிலா என்று கேட்பவர்கள் இப்போதும் உண்டு. படித்ததும் பார்க்கிற வேலையும் இரண்டுமே எனக்குப் பிடிக்கும் என்று சொல்வேன். நம்பினால் நம்பட்டும். ஈரோட்டுக்காரி ஊருக்குத் திரும்பி ஒரு பள்ளியில் மனநல ஆலோசகராக இருக்கிறாள். பிள்ளைகளிடம் ஒன்றைச் சொல்வதற்கு முன் இரண்டு தடவை கேட்கிறேன் என்று ஒருமுறை போனில் சொன்னாள்.

போன மாதம் வேலையாகக் கோயமுத்தூர் போனபோது பட்டறைக்கும் போயிருந்தேன். கீழ்வீட்டுப் பெண் இப்போது டெஸ்டிங் பிரிவைப் பார்த்துக்கொள்கிறாள். மோட்டார் தயாரிப்பவர்களின் கூட்டம் ஒன்றில் பேச அவளைக் கூப்பிட்டிருந்தார்களாம்.

"என்ன பண்ணின?" என்றேன்.

"என்னால முடியாதுன்னு சொல்லிப்போட்டேன்க்கா. எழுதிக் குடுத்தேன், அப்பா மேடையில படிச்சாரு. அப்பறம் கீழ வந்து ஒவ்வொருத்தரா எங்கிட்டயே வந்து கேட்டாங்க. அவங்களுக்குப் பதில் சொல்ல முடிஞ்சுது, ஒருத்தர் ஒருத்தரா வந்தா முடியுது."

அவள் அம்மா கொடுத்தனுப்பிய சாப்பாட்டை இருவரும் பகிர்ந்து சாப்பிட்டோம். உள்ளே யாரோ கூப்பிட்டார்கள். "சித்த இருங்கக்கா, வந்தர்றேன்," என்று கையைக் கழுவிக்கொண்டு, புதிதாகக் காயில் சுற்றிய மோட்டார் ஒன்றை ஓட்டிப் பார்க்கப் போனாள்.